பேலன்சர் மாட்டுகிற எஸ்லின்

மத்திகிரியில் வந்து எஸ்லின் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "பேலன்சர் மாட்டுற அக்கா" என்று கேட்டுப் பாருங்கள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களில் பாதிப் பேர் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஓசூரில் அப்படித்தான். லைனில் ஒருவர் எதை மாட்டுகிறாரோ அது அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், கல்யாணம் ஆனாலும் போகாது, துக்கம் வந்தாலும் போகாது.

எஸ்லினுக்கு வேலை பைக் என்ஜின் செய்கிற கம்பெனியில். எந்தக் கம்பெனி என்பது நமக்கு எதற்கு? பெல்ட்டில் என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கிராங்க் ஷாஃப்டுக்குப் பக்கத்தில், ஒருபுறம் மட்டும் கனத்திருக்கிற ஒரு குட்டை இரும்புத் தண்டை அவள் இறக்க வேண்டும். தண்டின் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும், கிராங்கின் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் வேலை முடிந்தது. அந்தத் தண்டுதான் பேலன்சர். ஒரு கையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போகிறவள் உடம்பை மறுபக்கம் சாய்த்து நடப்பாளே, அந்தச் சாய்வைத்தான் என்ஜினுக்குள் அது செய்கிறது. பிஸ்டன் ஒருபக்கம் எகிறினால் இது மறுபக்கம் இழுக்கும். கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டி ஓட்டிப் போய் இறங்கியும் கை நடுங்காமல் டீ கிளாஸைப் பிடிக்கிறீர்களே, அது எஸ்லின் மாதிரி யாரோ ஒருத்தி புள்ளியைச் சரியாக வைத்த புண்ணியம்.

அவள் இடத்தில் ஒரு சென்சார் இருந்தது. புள்ளி விலகியதாக அதற்குச் சந்தேகம் வந்தால் தலைக்கு மேல் சிவப்பு லைட் எரியும், பஸ்ஸர் அலறும், லைன் மொத்தமும் நின்றுபோகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சனியன் பெரும்பாலும் பொய்யே சொல்லும். கண்ணாடியில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தால் எரியும். பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் போனால் எரியும். லைன் நின்றால் மேலேயிருந்து ஆள் ஓடி வருவான், யார் நிறுத்தியது, எதற்கு நிறுத்தியது என்று குடைவான். அதனால் எஸ்லின் சேர்ந்த புதிதிலேயே லைன் லீடர் ரத்தினவேல் ஒரு வழியைக் காட்டிவிட்டார். சென்சார் ஒயரின் முனையிலிருக்கிற பின்னைப் பிடுங்கி மறுபடி சொருக வேண்டும். லைட் அணைந்துவிடும், லைன் நகர்ந்துவிடும்.

"கண்ணால பாத்துட்டியா? புள்ளி நேரா இருக்குதா? அப்பறம் என்னாத்துக்கு பொம்மையாட்டம் நிக்குற? புடுங்கிச் சொருவும்மா."

இதில் எஸ்லினை மிஞ்ச ஆளே கிடையாது. பஸ்ஸர் அலற ஆரம்பித்தால் முதல் சத்தம் முடிவதற்குள் அவள் விரல் பின்னுக்குப் போய்த் திரும்பியிருக்கும். கண் பார்த்ததா இல்லையா என்பதுகூடப் பல நேரம் அவளுக்கே தெரியாது. மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். அந்த விரலைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளுடைய அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மாடு பார்த்தவர். தம்பி லியோ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அம்மா தேவமணிக்கு அன்றைக்கு விழுந்த இடி, அப்புறம் அவள் நிமிரவே இல்லை. சோறு போட்டது, யூனிபார்ம் தைத்தது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் எஸ்லின்தான். ஐடிஐ முடித்ததும் கம்பெனிக்குள் போனாள். தம்பியும் ஐடிஐ முடிக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட லியோவை முன்னால் விட்டு, அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே போவாள். இருபது வயசுத் தடியனுக்கு!

பிறகு அருள்ஜோசப் வந்தான். பல்சக்கரம் வெட்டுகிற ஒரு சின்ன யூனிட்டில் மெஷின் ஓட்டியவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் தேவையானதை மட்டும் பேசுவான். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் அந்த யூனிட் ஷட்டரை இழுத்துவிட்டு கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இவனைக் கூப்பிடவில்லை. ஜூஜுவாடியில் ஹைவேயை ஒட்டி ஒரு ஷெட் பிடித்தான், பைக்குகளுக்கு வேகம் ஏற்றிக் கொடுக்கிற வேலையை ஆரம்பித்தான். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பையன்கள் கன்னடத்தில் கத்திக்கொண்டு வருவார்கள். வந்ததும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. பேலன்சரைக் கழற்று.

அவர்கள் கணக்கு இதுதான். அந்த இரும்பைச் சுற்றவும் என்ஜினுக்குப் பலம் செலவாகிறது. அதைக் கழற்றிவிட்டால் முறுக்கியவுடன் ஜிவ்வென்று ஏறும். கை அதிரும், கால் அதிரும், போல்ட் கழன்று விழும், விழட்டும். பந்தயத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்? கழற்றின பேலன்சர்களை அருள்ஜோசப் ஒரு காலி எண்ணெய் டின்னில் போட்டு வைத்திருந்தான். சாப்பாடு கொண்டுபோகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்லின் அந்த டின்னை எட்டிப் பார்ப்பாள்.

"வாரம் பூரா நான் மாட்றன். ஞாயித்துக்கிழமை நீங்க உக்காந்து கழட்டுறீங்க. நம்ம குடும்பத்துக்கு வேற பொழப்பே இல்லியாங்க?"

"நீ மாட்டுனாத்தான நான் கழட்ட முடியும்," என்பான் அவன். அப்போதெல்லாம் சிரித்தார்கள்.

லியோ ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தான். அது பேருக்கு. அவன் உயிர் பந்தயத்தில் இருந்தது. நேர்ரோட்டில் ஜோடியாகக் கிளம்பி யார் முதலில் முடிக்கிறார்கள் என்று ஓடுவார்களே, அந்தப் பந்தயம். அத்திப்பள்ளிக்காரர் கங்கப்பன், சொந்தமாக ரேஸ் டீம் வைத்திருப்பவர், ஒருமுறை இவன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அடுத்த போட்டியில் நன்றாக ஓடிக் காட்டினால் டீமில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனின் பின்னாலேயே சுற்றினான். கழட்டுங்க மாமா, கழட்டுங்க மாமா.

"ஊரான் புள்ளைங்க வண்டியில கழட்டுறது போதாதா? என் தம்பி வண்டியிலயுமா?" என்று எஸ்லின் கத்தினாள். பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம் அது. தேவமணி குழம்புக் கரண்டியோடு விழித்தாள்.

"அக்கா, எதிர்ல வர்றவனுங்க எல்லாம் கழட்டிட்டு வர்றானுங்க. நான் மட்டும் உன் பேலன்சரத் தூக்கிக்கிட்டு ஓடணுமா?"

எஸ்லின் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "பேலன்சருகூட பரவால்ல. எனக்கு பயம் ஆயில் பம்ப் மேலதான்."

பயந்ததற்குக் காரணம் இருந்தது. என்ஜினின் ஒவ்வொரு மூலைக்கும் எண்ணெயைத் தள்ளுவது அந்தப் பம்ப். அதைச் சுற்றுகிற குட்டிப் பல்சக்கரம் உருக்கால் ஆனது இல்லை, இரும்புத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டுச் செய்தது. வேலைக்குப் போய் வருகிற வண்டியில் ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் பேலன்சரை எடுத்துவிட்டு என்ஜினை எல்லை தாண்டி முறுக்கும்போது, கிராங்கின் உதறல் மொத்தமும் அதன் தலையில்தான் இறங்கும். தூளை அழுத்திச் செய்தது எத்தனை அடி தாங்கும்? பழைய யூனிட்டில் கூட வேலை பார்த்த மாதவனிடம் உருக்கில் ஒன்று வெட்டித் தரச் சொல்லியிருந்தான் அருள்ஜோசப். மாதவன் அடுத்த வாரம் என்றான். போட்டியோ இந்த வாரம்.

"அது வர்ற வரைக்கும் ஒம்பதாயிரத்துக்கு மேல முறுக்காத மாப்ள."

"சரி மாமா. சத்தியமா மாமா."

எந்தப் பையன் கேட்டான்? என்ஜின் வேகம் காட்டுகிற முள் ஒன்பதாயிரத்தில் நிற்பதற்காகவா பேலன்சரைக் கழற்றச் சொன்னான்? அருள்ஜோசப்புக்கும் அது தெரியும். தெரிந்தும் கழற்றினான், மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு.

கெலவரப்பள்ளி டேம் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சாயந்திரம் லியோ வாசலில் நின்று கையை உதறிக்கொண்டே இருந்தான். விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பட்டனைக்கூடப் போட முடியவில்லை. எஸ்லின்தான் போட்டுவிட்டாள்.

"கை மரத்தாத்தான்க்கா வண்டி நல்லா போவுதுன்னு அர்த்தம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்றானுங்க."

"நல்லா சொன்னானுங்க, மண்ணாங்கட்டி," என்றாள். ஆனாலும் அவன் சிரித்த சிரிப்பில் அவள் கோபம் நிற்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வண்டியில் ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருந்தது. ஒருநாள் நம்பர் பிளேட் விழுந்தது. ஒருநாள் எண்ணெய் ஓட்டம் குறைந்தால் எரிகிற லைட் மீட்டரில் மினுக் மினுக் என்றது. அருள்ஜோசப் பதறிப்போய்ப் பார்த்தான். பம்ப் நன்றாகத்தான் இருந்தது, ஒயரின் பின்தான் அதிர்வில் லூசாகி இருந்தது. அழுத்திவிட்டதும் லைட் அடங்கியது. "இவ்ளோதானா?" என்றாள் எஸ்லின். லைன் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது.

போட்டி ஒரு தனியார் விமான ஓடுபாதையில் நடந்தது. வெயில் கான்கிரீட்டில் பட்டு மூஞ்சியில் அடித்தது. வண்டிப் பரிசோதனை ஸ்டிக்கர் வாங்க அருள்ஜோசப் தூரத்துக் கூடாரத்துக்குப் போய், வாங்கி வந்து ஒட்டிவிட்டு, கையெழுத்து ஒன்று விட்டுப்போனதென்று மறுபடி ஓடினான். லியோ என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் மைக்கில் அவன் பெயர் வந்துவிட்டது.

"அக்கா, லைட்டு மறுபடியும் மினுக்குது."

எஸ்லின் குனிந்து என்ஜின் பக்கம் கையை விட்டாள். ஒயரைத் தொட்டாள். பின் டைட்டாக இருந்தது. அது அவள் விரலுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"மாமாவக் கூப்புடலாமாக்கா?"

"ஏனப்பா, பேக பேக!" என்று கங்கப்பன் கன்னடத்தில் அவசரப்படுத்திக் கையைத் தட்டினார். எதிராளி கோட்டுக்குப் போய் நின்றுவிட்டான். இனியும் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். தம்பி அவளையே பார்த்தான். முகத்தில் பத்து வயசுப் பிள்ளையின் பயம். எஸ்லினுக்கு யோசனை என்று எதுவுமே ஓடவில்லை. பதினைந்து வருஷமாக லைட் எரிந்தால் என்ன செய்தாளோ அதை அவள் விரல் செய்தது. பின்னைப் பிடுங்கியது. லைட் அணைந்தது. ஒயர் முனையை இரண்டாக மடித்து, டூல் பையிலிருந்த கறுப்பு டேப்பைக் கம்பெனியில் சுற்றுகிற மாதிரியே குறுக்கே சுற்றி, என்ஜின் இடுக்கில் ஒதுக்கி வைத்தாள்.

"அக்கான்னா அக்காதான்!" என்று அவன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினான்.

கிளம்பியது என்னவோ அம்பு மாதிரிதான் கிளம்பினான். எதிராளி பின்தங்கிப் போனான். பாதி தூரம் தாண்டியதும் என்ஜின் இன்னும் இன்னும் மேலே கத்திக்கொண்டே போனது. ஒன்பதாயிரம் எங்கே, பத்தாயிரம் எங்கே! கூடாரத்து வாசலில் அருள்ஜோசப் நின்ற இடத்திலேயே "விடுடா! விடுடா மாப்ள!" என்று கத்தினான். அப்புறம் அந்தச் சத்தம் பாதியில் அறுந்தது. என்ஜின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. உடனே கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும் என்று பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். மரத்துப்போன விரலால் எதைப் பிடிப்பது? வண்டி குறுக்கே திரும்பிப் புரண்டது. ஹெல்மெட் கழலவில்லை, தலையிலும் காயமில்லை. மார்பில்தான் அடி. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஆம்புலன்ஸில் எஸ்லினையே பார்த்தபடி அடங்கிவிட்டான்.

சாவு வீட்டில் தேவமணி மருமகனின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"கழட்டிட்டியேடா! என் புள்ள உசுரக் கழட்டிட்டியேடா பாவி! நீ நல்லா இருப்பியா?"

அருள்ஜோசப் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவள் அடித்த அடியை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றான். கல்லறையில் மண் போட வந்தவனை அவள் தடுத்தாள், தள்ளி நின்றான். எஸ்லின் பக்கத்திலேயே இருந்தாள். நான்தாம்மா பின்னைப் பிடுங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

லியோவின் வண்டியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு அருள்ஜோசப் அதை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். மத்தியான வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது என்ஜினைப் பிரித்தான். எஸ்லின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் நீலம் பாரித்து, எண்ணெய் காணாமல் வெந்துபோயிருந்தது. பம்பின் பல்சக்கரம் இரண்டு துண்டாக வந்தது. அவன் துண்டுகளை மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

பல்சக்கரம் உடைந்த இடத்தில் ஒரு பாதி புதுசாகப் பளபளத்தது. மறுபாதி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அலசியும் கறுப்பு போகவில்லை.

"இந்தக் கறுத்த பக்கம் முன்னாடியே விட்டிருக்குது," என்றான். "விரிசல் உட்டு, பம்ப்பச் சுத்தியும் சுத்தாமயும் இருந்திருக்குது. அன்னைக்கி ஸ்டார்ட் பண்றப்பவே."

"அதனாலதான் லைட்டு மினுக்குச்சா?"

அவன் கறுத்த பாதியைத் திருப்பி அவளிடம் காட்டினான்.

"நாந்தாங்க புடுங்குனன். பின்னு லூசா இல்ல. டைட்டாத்தான் இருந்துச்சி. தெரிஞ்சிதான் புடுங்குனன்." சொல்லிவிட்டு, இத்தனை நாள் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அழுது முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். பிறகு சொன்னான்: "எனக்கு அன்னைக்கே தெரியும். விழுந்த வண்டியத் தூக்குறப்ப டேப்பப் பாத்தன். அந்த மாதிரி மடிச்சிச் சுத்துறது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

எஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சட்டையைப் பிடித்து உலுக்கியபோது அவன் நின்ற நிலை அவளுக்குக் கண்ணில் வந்தது. பக்கத்தில் இவள் நின்றதும் வந்தது.

"இது தெரிஞ்சுமா அம்மாகிட்ட அடி வாங்குனீங்க?"

"உடையிற கியரப் போட்டு ஓட்ட உட்டது நான்தான? யாரு பாதி, யாரு முழுசுன்னு இப்ப பிரிச்சி என்னா பண்றது?" அவன் துண்டுகளைத் துணியில் சுற்றினான். "அம்மாகிட்ட சொல்லாத. அவங்களுக்கு இருக்கறது இனிமே நீ ஒருத்தி. அதையும் பறிச்சிடாத."

அவள் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. தேவமணி மருமகன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. மகள் கையால் மட்டும் கஞ்சி வாங்கிக் குடிக்கிறாள், "நீயாச்சும் இருக்கியே கண்ணு" என்கிறாள். கேட்கிறபோதெல்லாம் எஸ்லினுக்கு அந்தக் கிண்ணத்தோடு தரைக்குள் போய்விடலாம்போல இருக்கிறது.

லீவு முடிந்து லைனுக்குப் போனாள். அன்றைக்கே லைட் எரிந்தது, பஸ்ஸர் அலறியது. எஸ்லினின் கை இடுப்பில் ஒட்டிக்கொண்டது.

"எஸ்லின்மா, என்னா பாக்குற? புடுங்கிச் சொருவு!" என்று ரத்தினவேல் ஓடிவந்தார்.

"நிக்கட்டும்ணா."

"என்னாது?"

"லைன் நிக்கட்டும்ணா."

லைன் நின்றது. மேலேயிருந்து ஆள் வந்தான், பின்னால் இன்னொருவன் வந்தான். அவள் யாரையும் பார்க்காமல் பேலன்சரை வெளியே எடுத்தாள், பல் பல்லாகத் தடவினாள், புள்ளியைப் புள்ளியோடு வைத்தாள், குனிந்து பார்த்தாள், மறுபடி எடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் நிறுத்தினாள், சரியாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ரத்தினவேல் நல்ல மனுஷர், எத்தனையோ கெஞ்சிப் பார்த்தார். பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று எழுதிக்கொடுத்து அவளைப் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அவள் இடத்துக்கு அனிதா என்று ஒரு புதுப் பெண் வந்தாள், சுறுசுறுப்பானவள்.

பேக்கிங் இருப்பது ஷெட்டின் கடைசியில். அங்கிருந்து லைட் தெரியாது, பஸ்ஸர் மட்டும் கேட்கும். கேட்ட வேகத்தில் அடங்கும். அடங்கினால் எஸ்லின் கையிலிருக்கிற பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, அத்தனை நீள ஷெட்டையும் நடந்து அனிதாவிடம் போய் நிற்பாள்.

"பாத்துட்டுத்தான புடுங்குன?"

"பாத்தன்க்கா. இது பொய் லைட்டுக்கா, எப்பவும் பொய்தான்," என்று அந்தப் பெண் சிரிப்பாள்.

எஸ்லின் திரும்பி நடப்பாள். பாதி வழியில் பஸ்ஸர் மறுபடி கேட்கும், மறுபடி அடங்கும். அவள் மறுபடி திரும்புவாள்.